தாழ் விழும் சத்தம்

ஓர் உயிருக்குத் தூங்குவதற்கென்று தனியாக ஓர் இடம் வேண்டுமா, தூக்கம் வந்தால் போதாதா? குள்ளம்மாளோடு கொஞ்ச காலம் பழகிய எவருக்கும் இந்தக் கேள்வி ஒருமுறையாவது வந்திருக்கும். இண்டூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், அண்ணன் கிருஷ்ணப்பன் வீட்டில் அவள் இருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள். கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷனுக்கு வேறொரு குடும்பம் இருப்பது தெரிந்து, இளவயதிலேயே பெட்டியோடு திரும்பி வந்துவிட்டவள். அண்ணன் வீட்டில் அவளுக்குச் சோற்றுக்குக் குறையில்லை. பேச்சுக்கும் மதிப்பு உண்டு. பட்டுப்புழு விஷயத்தில் அவள் சொல்வதுதான் முடிவு. படுக்கை மட்டும் இன்ன இடம் என்று கிடையாது.

புழு இருக்கும் நாட்களில் தோட்டத்து ஓரம் உள்ள புழு மனையில், தட்டுகளுக்கு நடுவே கிடைத்த இடத்தில் படுப்பாள். புழு இல்லாதபோது வீட்டுக் கூடத்தில், டி.வி. நின்ற பிறகு. விருந்தாளி வந்தால் கேழ்வரகு மூட்டை அடுக்கியிருக்கும் அறையில். சுருட்டிய பழைய சேலை தலைக்கு இருந்தால் சரி. படுத்ததும் தூங்கிவிடுவாள். பார்த்தவர்கள் இதைப் பெரிய குணமாகச் சொன்னார்கள். அப்படிச் சொல்ல இதில் ஒன்றுமில்லை. எங்கே படுக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. இங்கே படுக்கிறேன் என்று அவளும் சொல்லவில்லை. வருடங்கள் அப்படியே போயிருந்தன.

அந்த வீட்டுக்குத்தான், ஒரே ஓர் இடத்தில் மட்டும் தூங்கத் தெரிந்த ஒரு நாய் வந்தது.

கொண்டுவந்தவள் கிருஷ்ணப்பனின் மகள் காவியா. பெங்களூரில் வேலை. கம்பெனி அவளை மூன்று மாதம் ஜெர்மனிக்கு அனுப்பியது. வாடகை வண்டியிலிருந்து முதலில் நாயை இறக்கினாள். செம்மண் நிறம், ஒரு காது மட்டும் மடிந்தது, நம் ஊர் நாய்தான். பிறகு மடக்கி வைத்திருந்த ஒரு கம்பிக் கூண்டை இறக்கினாள்.

"இது எதுக்கு?" என்றாள் காவியாவின் அம்மா காசியம்மாள்.

"இது மோச்சாவோட ரூமும்மா. ராத்திரி உள்ள விட்டுக் கதவ மூடணும். அப்பதான் தூங்குவான்."

"மொச்சையா?"

"மோச்சா!"

"என்னவோ ஒண்ணு. குத்தம் பண்ணாத நாய எதுக்குடி ஜெயில்ல போடற?"

"ஜெயில் இல்லம்மா. குட்டியில இருந்து பழக்கினது. பகல்லகூட அவனாத்தான் போய்ப் படுத்துக்குவான். அப்பா, நீங்களாவது சொல்லுங்க."

கிருஷ்ணப்பன் கூண்டைச் சுற்றி வந்தான். "கோழி அடைக்க ரொம்ப நல்லா இருக்கும்" என்றான்.

கடைசியில் காவியா அத்தையைத்தான் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் காட்டினாள். தட்டு, சாப்பாடு, ஊசி போடும் தேதி, கூண்டுக்குள் விரிக்கும் மெத்தை. முக்கியமாகத் தாழ். "இது விழுற சத்தம் கேக்கணும் அத்தை. 'டக்'குன்னு. அது கேட்டாத்தான் கண்ண மூடுவான்."

குள்ளம்மாள் நம்பவில்லை. அன்று இரவு கூண்டைப் புழு மனையின் முன்னறையில் வைத்தாள். தோட்டத்திலிருந்து வரும் மல்பெரி இலையைப் போட்டு வைக்கும் அறை அது. அப்போது காலியாக இருந்தது. வீட்டுக்குள் நாய் வரக் கூடாது என்று காசியம்மாள் சொல்லிவிட்டிருந்தாள். நாய் தானாகக் கூண்டுக்குள் போய்த் திரும்பி உட்கார்ந்து அவளையே பார்த்தது. அவள் கதவைச் சாத்தித் தாழைப் போட்டாள். டக். நாய் பெருமூச்சு ஒன்று விட்டு, மூக்கை முன்னங்காலுக்குள் சொருகிக்கொண்டது.

"அட, ஆமாம்" என்றாள் குள்ளம்மாள், யாருக்கும் இல்லாமல்.

கிளைகளைக் கவாத்து வெட்டியிருந்த மல்பெரி துளிர்த்துத் தழைக்கும் வரை இப்படியே ஓடியது. இலை முற்றினால் அடுத்த இளம்புழு வந்துவிடும். வந்தால் முன்னறைக்கு இலை வந்துவிடும். மனைக்குள் கால் வைக்கிற மனுஷரே மருந்துத் தண்ணீரில் பாதத்தை நனைத்துத்தான் உள்ளே போக வேண்டும். நாயை உள்ளே வைக்க முடியாது. வீட்டுக்குள்ளும் முடியாது. மிச்சமிருப்பது மனையின் வெளித் தாழ்வாரம். அங்கே கூண்டுக்குள் பூட்டி வைத்துவிட்டால் என்ன என்று அவளே கேட்டாள்.

"பாம்பு வந்தா எங்க ஓடும்?" என்றான் கிருஷ்ணப்பன். "செவ்வெறும்பு ஏறினா? பூட்டி வெச்ச நாய ராத்திரியில தின்னுட்டுப் போயிரும். வெளிய இருக்கற நாய் அவுத்து விட்ட நாயா இருக்கணும். இல்லன்னா தமிழ்மணிகிட்ட குடுத்துரலாம்."

தமிழ்மணி கடத்தூர்ப் பக்கம் மாந்தோப்புக் காவல் எடுப்பவன். தோப்புக்கு ஒரு நாய் என்று வைத்திருந்தான், எல்லாம் மரத்தில் சங்கிலியோடு. கெட்டவன் இல்லை. சோறு போடுவான். ஆனால் அவனிடம் போன நாய் அந்தச் சங்கிலி நீளத்துக்கு மேல் உலகம் பார்க்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

"காவியாவுக்கு என்னா பதில் சொல்றது?" என்றாள் குள்ளம்மாள்.

"அவ வர்றப்போ வாங்கிக் குடுத்துரலாம். நாய் கெட்டா போவுது?"

"சங்கிலியில கெடந்துட்டு வந்தா அது வேற நாய்ணா."

"அப்ப நீயே பழக்கு. புழு வர்ற வரைக்கும்தான் டைம்."

அவள் முதலில் செய்தது எல்லோரும் செய்வதைத்தான். கூண்டை மடித்து மூட்டை அறையில் போட்டுவிட்டு, மெத்தையைத் தாழ்வாரத்தில் விரித்தாள். தன்னைப் போலத்தானே, தூக்கம் வந்தால் படுத்துக்கொள்ளும் என்று நினைத்தாள். விடியற்காலையில் வந்து பார்த்தபோது நாய் முன்னறைக் கதவுக்கு நேராக நின்றுகொண்டிருந்தது. உட்காரக்கூட இல்லை. கால் நடுங்கியது. கதவின் கீழ்ப்பலகை நகத்தால் வெள்ளையாகச் சுரண்டப்பட்டிருந்தது.

அவள் வெகுநேரம் அந்தப் பலகையைப் பார்த்தாள். பிடிவாதம் என்றால் அவளுக்குத் தெரியும். மாட்டிடம் பார்த்திருக்கிறாள், அண்ணனிடமும். இது பிடிவாதம் இல்லை. அடைபட்டது வெளியே வர அழும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். வெளியே விட்டது உள்ளே போக அழும் என்று நினைக்கவில்லை. கூண்டைத் திரும்பக் கொண்டுவந்து விரித்து வைத்தாள். நாய் உள்ளே போய், தாழ் விழுந்ததும், பட்டப்பகலில் செத்ததுபோலத் தூங்கியது.

அன்றைக்குத்தான் அவளுக்குப் புழுவின் ஞாபகம் வந்தது. பட்டுப்புழுவைப் பழைய படுக்கையிலிருந்து யாரும் கையால் பொறுக்கி எடுப்பதில்லை. எடுத்தால் நசுங்கும். மேலே ஒரு வலையை விரித்து, வலைமேல் புது இலையை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பசிக்கிற புழு தானே வலை வழியாக மேலே ஏறிவரும். எல்லாம் ஏறிய பிறகு வலையைத் தூக்கினால், கழிவெல்லாம் கீழே தங்கிவிடும். வாழ்நாளில் எத்தனை லட்சம் புழுவை இப்படி இடம் மாற்றியிருப்பாளோ, ஒன்றையும் தொட்டதில்லை.

நாயிடமும் அதையே செய்தாள். முதலில் கூண்டைத் தாழ்வாரத்துக்கு மாற்றி, பக்கத்தில் தானும் படுத்துக்கொண்டு, கதவை மூடினாள். அது பழகியது. பிறகு கதவை மூடாமல் விட்டாள். நாய் உட்கார்ந்து அவளையே பார்த்தது, படுக்கவில்லை. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, திறந்திருந்த கதவிலேயே தாழை இழுத்து விட்டாள். டக். கதவு விரியத் திறந்து கிடக்க, நாய் பெருமூச்சு விட்டுச் சுருண்டது. அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஏனோ சிரிப்பு நின்றது.

காசியம்மாளிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. மறுநாள் பொழுது சாய்ந்ததும் வந்து நின்று பார்த்தாள். டக். நாய் படுத்தது.

"இந்த மொச்சைக்கு மூளையே இல்ல" என்றாள் காசியம்மாள்.

"நீங்க மட்டும் என்னா அண்ணி. அண்ணன் தெனமும் வாசல் கேட்டப் பூட்டி, இழுத்துப் பாத்து, பூட்டிட்டேன்னு சத்தமா சொன்னாத்தான படுக்கறீங்க. சாவி பூட்டுலயே தொங்குதான்னு ஒருநாளாச்சும் பாத்திருக்கீங்களா?"

"அது வேற."

"வேறதான்."

அதன்பின் கூண்டிலிருந்த மெத்தையின் நுனி கதவுக்கு வெளியே ஒரு சாண் வந்தது. சாப்பாட்டுத் தட்டு அந்த நுனியில். அடுத்து மெத்தை பாதி வெளியே. நாய் பின்பாதி கூண்டிலும் முன்பாதி தாழ்வாரத்திலுமாகத் தூங்கியது. தோட்டத்து மல்பெரி முழங்காலைத் தாண்டி இடுப்புக்கு வந்துகொண்டிருந்தது. ஒருநாள் காலை நாயின் வால் மட்டுமே கூண்டுக்குள் இருந்தது. குள்ளம்மாள் அதைப் படம் பிடித்துக் காவியாவுக்கு அனுப்பினாள். அவள் அனுப்பிய முதல் படம் அதுதான். அதில் அவளுடைய கட்டைவிரல் பாதியை மறைத்திருந்தது.

இந்த இடத்தில்தான் அவள் தப்புச் செய்தாள். அறியாமல் செய்த தப்பு இல்லை. நன்றாக அறிந்த வேலையினால் வந்த தப்பு.

புதுப் புழு வருமுன் மனையைக் கழுவ வேண்டும். சுவர், தரை, தட்டு, வலை எல்லாவற்றுக்கும் பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீர். போன பயிரின், போன தடவைப் புழுவின், நோய் ஒரு துளிகூடத் தங்கக் கூடாது. இந்த வேலையில் அவள் யாரையும் நம்பமாட்டாள். கண் எரிய எரிய, முகத்தில் துணி கட்டிக்கொண்டு, மனைக்குள் இருந்ததையெல்லாம் வெளியே போட்டுக் கழுவினாள். தாழ்வாரம் வந்தது. தாழ்வாரத்தைக் கழுவினாள். கூண்டு கைக்கு வந்தது. கூண்டையும் கழுவினாள். மெத்தையை அதே தண்ணீரில் ஊறவைத்து, அடித்துத் துவைத்து, வேலியில் காயப்போட்டாள். நல்ல வெயில். சாயங்காலம் எல்லாம் மொறமொறவென்று காய்ந்து, வெளுத்து, சுத்தமாக இருந்தன.

நாய் மெத்தையை மோந்து பார்த்தது. தும்மியது. கூண்டுக்குள் தலையை விட்டு உடனே எடுத்துக்கொண்டது. அவள் தாழை விட்டாள். டக். நாய் அவளைப் பார்த்தது. மறுபடி விட்டாள். அது வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு முற்றத்தில் போய் நின்றது.

அந்த இரவும் அடுத்த இரவும் அது ஊளையிட்டது. தெருக்கோடி வரை கேட்டது. கூண்டும் அதற்கு இல்லை, கூண்டுக்கு வெளியேயும் இல்லை. குள்ளம்மாளுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. கம்பியும் இல்லை, கதவும் இல்லை, அந்த நாய்க்கு இடம் என்பது குட்டியிலிருந்து சேர்ந்த அதன் சொந்த வாசம். அதை அவள் நோயென்று நினைத்துக் கழுவி ஊற்றியிருந்தாள்.

"போதும்மா" என்றான் கிருஷ்ணப்பன். "ரெண்டு நாள்ல புழு வருது. பக்கத்து வூட்டுக்காரங்க கேக்கறாங்க. தமிழ்மணிக்குப் போன் பண்ணிட்டேன். நாளைக்குக் காலையில வர்றான்."

குள்ளம்மாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள். தப்பு தன்னுடையது, அண்ணனிடம் வாதாட அதில் ஒன்றுமில்லை.

அன்று மதியம் தோட்டத்தில் களை பார்த்துக்கொண்டிருந்தாள். நாய் பின்னாலேயே வந்திருந்தது. கொஞ்ச நேரமாகச் சத்தமில்லையே என்று திரும்பிப் பார்த்தாள். வரப்பில், இலை கட்டித் தூக்கும் கோணிப்பை கிடந்தது. இலைச்சாறும் அவள் வேர்வையும் ஊறிக் கறுத்த பழைய கோணி. எப்போதும் தோட்டத்திலேயே கிடப்பதால் மனைக் கழுவலுக்குத் தப்பியது. நாய் அதன்மேல் வட்டமாகச் சுருண்டிருந்தது. இரண்டு இரவு விழித்த தூக்கம். பக்கத்தில் போய் நின்றாள், காது அசையவில்லை.

கூண்டு இல்லை. தாழ்ச் சத்தம் இல்லை. அவள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அது எழும் வரை வெயிலில் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் கோணியைத் தாழ்வாரத்தில் போட்டாள். கழுவின தரையில் அழுக்குக் கோணி. அவள் கை அதற்கு ஒப்பவில்லை, ஆனாலும் போட்டாள். கூண்டைக் கண்ணில் படாமல் எடுத்து வைத்தாள். தானும் பக்கத்தில் சேலையைச் சுருட்டிப் படுத்தாள். நாய் கோணியை மோந்தது. ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு சுற்று. பிறகு படுத்தது. தலையை மட்டும் தூக்கி அவளைப் பார்த்தபடி இருந்தது. எதற்குக் காத்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. நாக்கை அண்ணத்தில் ஒட்டி ஒருமுறை சொடுக்கினாள். நாயின் தலை கீழே இறங்கியது.

பொழுது விடியத் தமிழ்மணி பைக்கில் வந்து இறங்கினான். பின்சீட்டில் சங்கிலி கிடந்தது.

"எங்கண்ணே நாய்?"

கிருஷ்ணப்பன் தாழ்வாரத்தைக் காட்டினான். நாய் நான்கு காலையும் நீட்டி, வயிற்றைக் காட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. பைக் சத்தத்துக்கு ஒரு கண்ணைத் திறந்து, மூடிக்கொண்டது.

"இதயா காவலுக்குக் குடுக்கறேன்னீங்க?" என்றான் தமிழ்மணி. "திருடன் வந்தா பாய் விரிச்சுக் குடுக்கும்போல."

"முந்தாநாள் ராத்திரி வரைக்கும் ஊள வுட்டுச்சுப்பா."

"ஏக்கா, என்னா மருந்து குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கல. அழுக்கக் குடுத்தேன்" என்றாள் குள்ளம்மாள். "காப்பி சாப்பிட்டுப் போ."

அவன் காப்பி குடித்துவிட்டு, சங்கிலியோடு திரும்பிப் போனான். பெட்ரோல் வீண் என்று கிருஷ்ணப்பனைத் திட்டிக்கொண்டே போனான்.

புழு வந்தது. தின்றது, தோல் உரித்தது, மறுபடி தின்றது. அவள் மனைக்குள் இருந்த இரவுகளில் நாய் வெளியே கோணியில் கிடந்தது. சில நாள் கோணியை விட்டு மோட்டார் கொட்டகைப் பக்கம் போய் மண்ணிலேயே படுத்தது. பிறகு எங்கெல்லாமோ படுத்தது. சொடுக்கும் தேவைப்படவில்லை. புழுக்கள் முற்றிக் கூடு கட்டின. கூட்டைத் தர்மபுரி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார்கள். நல்ல பயிர் என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மாதக் கடைசியில் காவியா வந்தாள். நாய் அவள்மேல் பாய்ந்து, முகத்தை நக்கி, முற்றத்தை ஓட்டமாகச் சுற்றிவிட்டு வந்து, குள்ளம்மாளின் காலடியில் மூச்சு வாங்கப் படுத்தது. காவியா அதைக் கவனித்தாள். அன்று இரவு தாழ்வாரத்தில் அத்தையோடு உட்கார்ந்து, நாய் தானாகப் போய்த் தென்னை மரத்தடியில் படுத்துத் தூங்குவதைப் பார்த்தாள்.

"நான் டிரெயினர்லாம் வெச்சுப் பாத்தேன் அத்தை. கதவத் திறந்து வெச்சா அழுவான்."

"இங்கயும் அழுதுச்சு."

காலையில் கிளம்பும் நேரத்தில் காவியா எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "அப்பா, நான் ஒண்ணு யோசிச்சேன். மோச்சா இங்கயே இருக்கட்டும். அங்க நான் காலையில போனா ராத்திரிதான் வருவேன். அத்தைகிட்ட விட்டுட்டுப் போறேன்."

கிருஷ்ணப்பன் உடனே தலையாட்டினான். "இருந்துட்டுப் போவட்டும். இப்ப அது நம்ம வூட்டு நாய்."

"காட்டுப்பன்னி ஒண்ணுகூடத் தோட்டத்துல கால் வெக்கலடி இந்தத் தடவ" என்றாள் காசியம்மாள். "மொச்சை பரவால்ல. இருக்கட்டும்."

மூன்று பேரும் குள்ளம்மாளைப் பார்த்தார்கள். கேட்க வேண்டிய அவசியம்கூட இல்லை என்பதுபோலத்தான் பார்த்தார்கள். சங்கிலிக்குப் போகாமல் அதை நிறுத்தியவள் அவள். இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் அவளுக்கென்று யாரும் எதையும் கொடுப்பதாகச் சொன்னது அதுதான் முதல்முறை.

குள்ளம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். காவியாவுக்காக நின்றிருந்த வாடகை வண்டிக்குப் போய்ப் பின்கதவைத் திறந்தாள். நாயைப் பார்த்து, "ஏறு" என்றாள்.

நாய் அவளைப் பார்த்தது, காவியாவைப் பார்த்தது, ஏறி உட்கார்ந்தது.

"ஏன் அத்தை? உங்களுக்குப் பிடிக்கலயா?" என்றாள் காவியா.

"எங்க வுட்டாலும் தூங்கும். எங்க படுத்தன்னு கேக்க அதுக்கு ஒரு ஆளு வேணும். கூட்டிக்கிட்டுப் போ" என்றாள். அது கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. காவியா மறுபடி கேட்டாள். கிருஷ்ணப்பனும் கேட்டான். குள்ளம்மாள் கதவைச் சாத்தினாள். அது சரியாக மூடியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு கவாத்து வெட்டத் தோட்டத்துக்குப் போய்விட்டாள்.